டைட்டானியம் டை ஆக்சைடு: மெத்திலீன் புளூ வெளுக்கிறது, சாயக்கழிவு வெளுக்கவில்லை

கேள்வி (வேதியியல் மாணவன்):
வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயக் கரைசலில் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகளைக் கலந்து வெயிலில் வைத்தேன். மதியத்துக்குள் நீலம் போய்விட்டது. அதே துகளைத் துணிச் சாயக்கழிவில் போட்டால், நாள் முழுக்க வெயில் பட்டும் நிறம் அசையவில்லை. போதாக்குறைக்குத் தண்ணீர் பால் மாதிரி கலங்கி, வடிதாளிலும் தங்க மாட்டேன் என்கிறது. துகளைக் கூட்டிப் போடலாமா?

பதில் (சிறுதுளி):
கூட்ட வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் துகளே வெளிச்சத்தை மறைத்துவிடும். பாத்திரத்தில் ஆழத்தைக் குறைத்து, அகலமாகப் பரப்பிப் பாருங்கள்.

பதில் (நீர் ஆய்வகக்காரர்):
தம்பி, முதலில் அந்த மெத்திலீன் புளூ முடிவையே நம்பிவிடாதே. துகளோடு அரை மணி நேரம் இருட்டில் கலக்கி, நிறம் எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொள்; அது துகளின் மேல் ஒட்டிக்கொண்ட சாயம், சிதைந்தது அல்ல. துகளே போடாமல் ஒரு குடுவையையும் வெயிலில் வை. இந்தச் சாயம் வெளிச்சத்தில் தானாகவே கொஞ்சம் வெளுக்கும்.

டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வகை 388 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதா ஒளியில்தான் வேலை செய்யும். வெயிலில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான். அடர்ந்த சாயக்கழிவு அந்தக் கொஞ்சத்தையும் மேலேயே குடித்துவிடுகிறது. மீறிப் பிறக்கும், சாயத்தைச் சிதைக்கிற ஹைட்ராக்சில் ராடிக்கல்களைச் சாயப் பட்டறை உப்பும் சோடியம் கார்பனேட்டும் விழுங்கிவிடும். அதனால் கழிவைப் பல மடங்கு நீர்த்துப் பார். நிறம் இறங்கினால் காரணம் இதுதான்.

துகளோ சில பத்து நானோமீட்டர், வடிதாளின் துளை மைக்ரோமீட்டர் கணக்கு. எப்படித் தங்கும்? சொரசொரப்பான கண்ணாடித் தகட்டில் பூசி 450 டிகிரி சூட்டில் பதித்துவிடு. வேகம் குறையும், ஆனால் துகள் தண்ணீரோடு போகாது. சுத்தம் செய்கிறேன் என்று இன்னொரு மாசைக் கலந்துவிட்டால் பாடுபட்டு என்ன பயன்?

வேதியியல் மாணவன்:
நன்றி சார். நிறம் போனால் சாயமும் போய்விட்டது என்று எழுதலாமா?

நீர் ஆய்வகக்காரர்:
கூடாது. மூலக்கூறில் நிறம் தரும் பகுதி உடைந்தாலே நிறம் போய்விடும். மிச்சத் துண்டுகள் தண்ணீரில்தான் இருக்கும், சில வேளை மூலச் சாயத்தைவிட மோசமாகவும். அப்புறம், உலோகம் எதுவும் இதில் அழியாது. சிஓடியும் (தண்ணீரில் மிச்சமுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார். உப்புக் கழிவு என்பதால் மெர்க்குரிக் சல்பேட் என்ற பாதரச உப்பைச் சேர்க்க மறக்காதே, இல்லாவிட்டால் குளோரைடும் கணக்கில் ஏறிவிடும். அந்தப் பாதரசக் கழிவைத் தனிப் புட்டியில் சேர்த்து வை, தொட்டியில் ஊற்றாதே.