லண்டனில் ஊக்கு எங்கே குத்துவது?

கேள்வி:

வணக்கம். மாஸ்டர்ஸ் படிக்க செப்டம்பரில் திருச்சியிலிருந்து லண்டன் வந்தேன். ஈஸ்ட் ஹாமில் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறோம். வகுப்பு முடிந்து வாரத்தில் மூன்று நாள் மாலை வேலைக்குப் போகிறேன். வீடு திரும்பப் பத்தரை ஆகிவிடுகிறது. வந்த புதிதில் பயமே இல்லை. நவம்பர் பிறந்ததிலிருந்து என்னவோ போல் இருக்கிறது. நேற்று ஒருவர் ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருமுனை வரை பின்னாலேயே வந்தார். அவர் வீடும் அந்தப் பக்கம்தானோ என்னவோ. அம்மாவிடம் சொன்னால் வேலையை விடு என்பார். இங்கே பல வருஷமாக இருக்கும் அக்காக்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில்:

"அவர் வீடும் அந்தப் பக்கம்தானோ என்னவோ." அவருக்கு நீங்கள் ஏன் வக்கீலாகிறீர்கள்? நம் வளர்ப்பு அப்படி. யாரையும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்ற கவலை முதலில் வரும், தன் பயம் அப்புறம்தான் வரும். அடுத்த முறை தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நடங்கள். அவரும் கடந்து வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், வீடு எது என்று காட்டிக்கொடுக்காதீர்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் திறந்திருக்கும் எந்தக் கடைக்குள்ளாவது நுழைந்து, கல்லாவில் இருப்பவரிடம் "ஒருவர் பின்தொடர்கிறார், கொஞ்ச நேரம் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். ஈஸ்ட் ஹாமில் தமிழிலேயே சொல்லலாம், அந்த வசதி லண்டனில் எல்லா இடத்திலும் கிடைக்காது.

நவம்பர் பிறந்ததிலிருந்து என்னவோ போல் இருக்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியம். ஊரில் நமக்குத் தெரிந்த தொல்லை கூட்டத்தில் வருவது. பஸ்ஸில் இடிக்கிறவன், தேர்த் திருவிழாவில் உரசுகிறவன். அதற்கு நம்மிடம் ஊக்கு இருந்தது. கூட்டம் தொல்லை தந்தாலும் காவலும் அதுவே. இரவு ஒன்பதரைக்கும் டீக்கடை பாய், பூ கட்டும் அம்மா, ஆட்டோ ஸ்டாண்ட், திண்ணையில் ஒரு தாத்தா என்று தெருவுக்குக் கண் இருக்கும். இங்கே வீட்டுக்காரர்கள் ஐந்து மணிக்கே திரையை இழுத்துவிடுவார்கள். தெரு முழுக்க வீடுதான், ஒரு கண் கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும், டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். செப்டம்பரில் நீங்கள் பழகிய வழி, ஆள் நடமாடும், வெளிச்சமான வழி. இப்போது நீங்கள் நடப்பது வேறொரு வழி, பெயர் மட்டும் அதேதான்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். நான்கு பேரும் சேர்ந்து ஒருநாள் இரவு பத்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் கடை எத்தனை மணிக்கு ஷட்டர் இறக்குகிறது, எங்கே சந்து இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். கூகுள் மேப்ஸ் காட்டும் நடைபாதையை இரவில் அப்படியே நம்ப வேண்டாம். அதற்குத் தெரிந்தது தூரம்தான். மூன்று நிமிஷம் மிச்சமாகும் என்று பூங்காவுக்குள்ளும், வீட்டுப் பின்புறச் சந்துக்குள்ளும், கால்வாய்க் கரையிலும் கூட்டிக்கொண்டு போகும். முதல் வருஷம் நான் அப்படி ஒரு பூங்காவின் நடுவில் நின்றேன். எதிர்ப்பக்க கேட்டைப் பூட்டியிருந்தார்கள், வந்த வழியே திரும்பி நடந்த அந்தப் பத்து நிமிஷம் இன்னும் மறக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் மறக்கவில்லை.

இனி ரயில். வந்த புதிதில் ஒருநாள் மாலை நெரிசலில் ஒருவன் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றான். கை பழக்கத்தில் ஊக்கைத் தேடியது. புடவையா, துப்பட்டாவா? முழங்கால் வரை தடித்த கோட்டு, ஊக்கு குத்த இடமே இல்லை! சத்தம் போடவும் வரவில்லை, ஆங்கிலம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்னைப் பார்த்து, "நீ அங்கே வேலை செய்கிற பெண்தானே? வா, இங்கே உட்கார்" என்று தன் இருக்கையைக் கொடுத்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவருக்கும் அது தெரியும். தெரிந்தவர் மாதிரி பேச்சுக் கொடுத்து ஒருவரை அங்கிருந்து நகர்த்திவிடுகிற இந்த வித்தையை அன்று கற்றேன், இரண்டு முறை வேறு பெண்களுக்காக நானே செய்திருக்கிறேன். "இது எந்த ஸ்டேஷன்?" என்று அவளிடம் கேட்டால்கூடப் போதும். அவனோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

61016 என்ற எண்ணை இப்போதே போனில் சேமியுங்கள். ரயில்களுக்கும் அண்டர்கிரவுண்டுக்கும் உள்ள தனிப் போலீஸின் எண் அது, குறுஞ்செய்தி அனுப்பலாம். எந்த லைன், எந்தத் திசை, அடுத்த ஸ்டேஷன் எது, அவன் என்ன உடுத்தியிருக்கிறான், பெட்டிக்குள் எழுதியிருக்கும் எண் என்ன, இவ்வளவு போதும். அப்போதே அனுப்ப முடியாவிட்டால் வீட்டுக்கு வந்தும் அனுப்பலாம். தொட்டால்தான் குற்றம் என்றில்லை. விடாமல் முறைத்துப் பார்ப்பதும் பாலியல் தொல்லைதான் என்று 2021-இல் ரயில்களிலேயே போஸ்டர் ஒட்டினார்கள். முன்பின் தெரியாதவன் உங்கள் போனுக்கு அசிங்கமான படம் அனுப்புவதும் 2024 ஜனவரி 31 முதல் இங்கே தனிக் குற்றம். ஐபோன் என்றால், பக்கத்தில் இருக்கும் போனிலிருந்து படம் வாங்கும் ஏர்டிராப் வசதியை 'தொடர்புகளுக்கு மட்டும்' என்று மாற்றி வையுங்கள்.

உடனே ஆபத்து என்றால் 999. ஆங்கிலம் வரவில்லை என்றால் "தமிழ்" என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இடம் தெரியவில்லை என்றால் பஸ் நிறுத்தத்தின் பெயரையும் மேலே இருக்கும் எழுத்தையும் படித்துச் சொல்லலாம். பேசவே முடியாத நிலை என்றால் இருமுங்கள், அல்லது போனைத் தட்டுங்கள். அதுவும் முடியாதபோது, பதிவுக் குரல் கேட்டதும் 55 அழுத்த வேண்டும். இது மொபைலில் மட்டும்தான் வேலை செய்யும். 55 அழுத்தினாலே போலீஸ் வீடு தேடி வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். அது உங்கள் அழைப்பைப் போலீஸிடம் சேர்க்கும், அவ்வளவுதான். அவசரம் இல்லாத புகாருக்கு 101.

டாக்ஸி விஷயத்தில் சுருக்கமாக: தெருவில் கை காட்டி ஏறலாம் என்றால் அது பிளாக் கேப் எனப்படும் லண்டனின் பாரம்பரிய டாக்ஸி மட்டும். மற்ற எல்லா வண்டியும் முன்பதிவு செய்துதான் ஏற வேண்டும். இரவில் ஸ்டேஷன் வாசலில் வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுகிறவர்களோடு போகவே கூடாது. ஆப்பில் கூப்பிட்ட வண்டி வந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். உங்கள் பெயரை நீங்கள் சொல்லாமல், "யாரைக் கூட்டிப்போக வந்தீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். உங்கள் டிஸ்ட்ரிக்ட் லைனில் இரவு முழுக்க ஓடும் ரயில் கிடையாது, வெள்ளி சனி இரவுகளில் விடிய விடிய ஓடுவது வேறு சில லைன்கள்தான். கடைசி ரயிலைத் தவறவிட்டால் இரவு பஸ் இருக்கிறது. மாடிக்குப் போகாமல் கீழே டிரைவர் பக்கமாக உட்காருங்கள்.

இன்னொரு பதில்:

நான் யாழ்ப்பாணம், இப்போது ஹாரோவில். அக்கா சொன்னதோடு நகையையும் சேர்க்க வேணும். எங்கட ஆட்களிடம் தங்கம் இருக்கும் என்பது கள்ளருக்கும் தெரியும், தீபாவளி வந்தால் பொலிசே எச்சரிக்கை விடும். கோயிலுக்குப் போகும் மாமிமார் தாலிக்கொடியைக் கோட்டுக்கு வெளியே போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். மண்டபத்துக்குள் போய் வெளியே எடுங்கோ. என் மாமியிடம் காரில் வந்த ஒரு பெண் பாதை கேட்டாள். சொன்னதற்கு நன்றி என்று கட்டிப்பிடித்து, கழுத்தில் ஒரு சங்கிலியைப் போட்டுவிட்டுப் போனாள். மாமிக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் கழுத்தில் கிடப்பது பித்தளை, அவவின்ட சங்கிலியைக் காணோம். கார் நிறுத்தி வழி கேட்டால் இரண்டு அடி தள்ளி நின்றே சொல்லுங்கோ.

போனும் அப்படித்தான். நடைபாதை விளிம்பில் நின்று மேப் பார்த்தால் மின்சார சைக்கிளில் வருகிறவன் பறித்துக்கொண்டு போவான். சுவரோரம் போய் நின்று பாருங்கோ. *#06# அழுத்தினால் வரும் போனின் அடையாள எண்ணை (IMEI) ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கோ, பொலிஸ் அதைத்தான் கேட்கும்.

கேட்டவர்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒன்று கேட்க மறந்தேன். சாதாரண உடையில் ஒருவர் வந்து "போலீஸ்" என்றால் என்ன செய்வது? விசாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்து நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன் போலிருக்கிறது. அப்புறம் அம்மா பெட்டியில் பெப்பர் ஸ்பிரே வைத்து அனுப்பினார். கைப்பையில் வைத்துக்கொள்ளவா?

பதில்:

கைப்பையிலும் வேண்டாம், தலையணைக்கு அடியிலும் வேண்டாம்! 1968-ஆம் வருஷத் துப்பாக்கிச் சட்டப்படி பெப்பர் ஸ்பிரே இங்கே தடைசெய்யப்பட்ட ஆயுதம். வைத்திருப்பதே குற்றம், தற்காப்புக்கு என்று சொன்னாலும் எடுபடாது. விசாவுக்கு ஆபத்து என்றால் அதுதான் ஆபத்து. அதற்குப் பதிலாகத் தற்காப்புக்கென்றே மிளகாய்த்தூள் பொட்டலத்தைப் பையில் வைத்தால், அதையும் ஆயுதம் என்று கொள்வார்கள். சாம்பாருக்கு மட்டும் வையுங்கள். கையில் வைத்துக்கொள்ள, பின்னை இழுத்தால் காது கிழியக் கத்தும் சின்ன அலாரம் கிடைக்கிறது. சில பல்கலைக்கழகங்களில் இலவசமாகவே தருவார்கள், மாணவர் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். பையின் அடியில் போட்டுவிட்டு அவசரத்தில் துழாவாமல் கோட்டுப் பையிலோ சாவிக்கொத்திலோ மாட்டுங்கள்.

பாதிக்கப்பட்டவராக நீங்கள் புகார் கொடுப்பதால் உங்கள் மாணவர் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. இதைப் பயந்தே நிறைய பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள், எனக்கு இதில் கோபமே வரும்.

போலீஸ் என்று சொல்லி வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்பது அவமரியாதை இல்லை. 2021 மார்ச்சில் தெற்கு லண்டனில் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை, பணியில் இல்லாத நேரத்தில் இருந்த ஒரு போலீஸ்காரரே தன் அட்டையைக் காட்டிக் காரில் ஏற்றிக் கொன்றார். அதற்குப் பிறகு, சாதாரண உடையில் தனியாக வரும் லண்டன் போலீஸ்காரர் பெண்களிடம் பேசும்போது, தானே கட்டுப்பாட்டு அறைக்கு வீடியோ அழைப்பு போட்டு, தான் யார் என்று உறுதிசெய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அவர் செய்யாவிட்டால் நீங்களே 999 அழைத்து, "இந்தப் பெயரில் ஒருவர் நிற்கிறார், உண்மைதானா?" என்று கேளுங்கள். உறுதியாகும் வரை எந்த வண்டியிலும் ஏறாதீர்கள்.

அந்த ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டாம், வழியில் சோதித்தால் வம்பு. 101-ஐ அழைத்து, ஊரிலிருந்து தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன், எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஊறுகாய் பார்சலில் இன்னொன்று வரும்.