ஷார்ட் 30 சதவீதம் இருந்தால் ஸ்க்வீஸ் வந்தே தீருமா?

எடிசன்வாசி:
நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் ஒரு பங்கு எட்டு மாதமாகக் கிடக்கிறது. பெயரைச் சொன்னால் விளம்பரம் செய்கிறான் என்பீர்கள், அதனால் வேண்டாம். ஃப்ளோட்டில், அதாவது சந்தையில் கைமாறக் கிடைக்கிற பங்குகளில், 30 சதவீதம் ஷார்ட்: விலை விழும் என்று இரவல் வாங்கி விற்றவை. அவர்கள் பதறித் திரும்ப வாங்கி விலை எகிறுகிற ஸ்க்வீஸுக்குத்தான் காத்திருக்கிறேன். வீடியோ கேம் கடை நடத்துகிற கேம்ஸ்டாப் 2021 ஜனவரி தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்தது, 27ஆம் தேதி 347இல் முடிந்தது, மறுநாள் ஒரு கட்டத்தில் 483 வரை போனது. இரவல் வாங்கி விற்றவன் என்றைக்காவது திரும்ப வாங்கிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அதை நம்பித்தான் விலை விழ விழ இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்துகொண்டு வருகிறேன். எங்கே ஓட்டை என்று யாராவது சொல்லுங்கள்.

நட்டக்கணக்கு:
"என்றைக்காவது" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஓட்டை அங்கேதான். அந்த நாள் எது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இரவல் கட்டணம் கட்டி, மார்ஜின் (புரோக்கரிடம் ஈட்டுப் பணம்) வைத்திருக்கிற வரைக்கும், கொடுத்தவர் திருப்பிக் கேட்காத வரைக்கும், அவன் உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் 12 டாலரில் ஆவரேஜ் செய்யும்போது அவன் 30 டாலரில் விற்றவனாக இருந்தால் அவனுக்கு என்ன நெருக்கடி, நிம்மதியாகத் தூங்குவான். இன்னொன்று, அந்த 30 சதவீதக் கணக்கு மாதத்துக்கு இரண்டு தடவைதான் வெளிவரும், வரும்போதே பழசாகியிருக்கும்.

வைரக்கை:
கேம்ஸ்டாப்பை ஷார்ட் அடித்த மெல்வின் கேப்பிட்டல் ஃபண்டும் இப்படித்தான் நிம்மதியாகத் தூங்கியது. ஒரே மாதத்தில் 53 சதவீதம் காலி, சிட்டாடல், பாயின்ட்72 என்ற முதலீட்டு நிறுவனங்கள் 275 கோடி டாலர் போட்டுத் தாங்க வேண்டி வந்தது, 2022இல் கடையையே மூடிவிட்டார்கள். ஜனவரி 28 காலையில் என் புரோக்கர் ஆப்பைத் திறந்தால் விற்கிற பட்டன் மட்டும் வேலை செய்கிறது, வாங்குகிற பட்டன் செத்துக் கிடக்கிறது. காபி ஆறிப்போகிற வரைக்கும் அதையே அழுத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் விட்டிருந்தால் 1000 தாண்டியிருக்கும். ஆட்டத்தை நிறுத்தியது நாங்கள் இல்லை. அதோடு, இருக்கிற பங்கைவிட அதிகமாக ஷார்ட் எப்படி வந்தது? கள்ளப் பங்கு இல்லாமலா?

நட்டக்கணக்கு:
கள்ளப் பங்கு தேவையில்லை பாஸ். பக்கத்து வீட்டில் ஒரு குத்துவிளக்கை இரவல் வாங்கி என்னிடம் விற்கிறீர்கள், நான் அதை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கிறேன், அவரும் விற்றுவிடுகிறார். விளக்கு ஒன்றுதான், கடன் இரண்டு.

பட்டன் விஷயத்துக்கு வருகிறேன். ராபின்ஹுட் என்ற புரோக்கர் ஆப்பிடம் அன்று விடிவதற்கு முன்பே, வர்த்தகங்களை முடித்துக் கொடுக்கிற கிளியரிங் அமைப்பு சுமார் 300 கோடி டாலர் டெபாசிட் கேட்டது. அப்போது செட்டில்மென்ட்டுக்கு (பங்கும் பணமும் கைமாற) இரண்டு நாள் ஆகும், அந்த இடைவெளிக்கான பாதுகாப்புப் பணம் அது. பிறகு தொகையைக் குறைத்தார்கள், ஆனால் வாங்குவதை முடக்கப் போவதாக ராபின்ஹுட் சொன்ன பிறகுதான். சதி என்பதைவிடக் கையில் காசில்லை என்பதே பொருத்தம். வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுதான், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் அந்த அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி வெளியிட்ட அறிக்கையையும் படியுங்கள். ஷார்ட் அடித்தவர்கள் திரும்ப வாங்கியது மொத்தக் கொள்முதலில் சிறு பகுதிதானாம். அவர்கள் வெளியேறிய பிறகும் விலை உயரத்திலேயே நின்றது, அதை அங்கே தாங்கிப் பிடித்தது வாங்க வந்த கூட்டம். அந்தக் கூட்டம் உங்கள் பங்குக்கு வருமா எடிசன்வாசி?

பேரேடு:
இரண்டு பேருமே ஷார்ட் அடித்தவனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். விற்பதற்கு இன்னொருவர் இருக்கிறாரே, கம்பெனி.

2008 அக்டோபர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வோக்ஸ்வேகனில் தன்னிடம் 42.6 சதவீதம் இருக்கிறது, ஆப்ஷன் (பங்கு விலையோடு கட்டிய ஒப்பந்தம்) வழியாக இன்னும் 31.5 என்று போர்ஷே அறிவித்தது. லோயர் சாக்சனி மாநிலத்திடம் சுமார் 20. சந்தையில் மிச்சம் 6 சதவீதம்தான், ஷார்ட் அதைவிட அதிகம். இரண்டே நாளில் 1000 யூரோ தாண்டியது, கொஞ்ச நேரம் உலகத்திலேயே மதிப்புமிக்க கம்பெனி அதுதான். எப்போது அடங்கியது? 5 சதவீதம் வரை விடுகிறேன் என்று போர்ஷே சொன்ன பிறகு. அதாவது சரக்கு வந்ததும்.

இப்போது சினிமா தியேட்டர் கம்பெனி ஏஎம்சி. 2021 ஜூன் 2 அன்று 72 டாலரைத் தொட்டது. மறுநாளே கம்பெனி 1.155 கோடி புதுப் பங்குகளைச் சராசரி 50.85க்கு விற்று 58.7 கோடி டாலர் எடுத்தது. முழுப் பணத்தையும் இழக்கத் தயாராக இல்லாவிட்டால் எங்கள் பங்கை வாங்காதீர்கள் என்று அந்த ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள்! 2021இல் கேம்ஸ்டாப்பைப் பிரபலமாக்கிய கீத் கில், 2024 மேயில், மூன்று வருடம் கழித்து இணையத்தில் ஒரு படம் போட்டார், கேம்ஸ்டாப் எகிறியது, அந்த மாதமே கம்பெனி 4.5 கோடி பங்குகளை விற்றது, ஜூனில் இன்னும் 7.5 கோடி. 2021 ஜனவரியில் அது விற்கவில்லை, ஏப்ரலில்தான் விற்றது. அந்த ஜனவரி உச்சத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

வைரக்கை:
கம்பெனிக்குப் பணம் வந்தால் நல்லதுதானே? திவாலாகும் என்று பந்தயம் கட்டியவனுக்கு அதைவிட என்ன பதிலடி வேண்டும்? இன்றைக்கும் கேம்ஸ்டாப் உயிரோடு இருக்கிறது, அதுவும் கையில் ரொக்கத்தோடு.

பேரேடு:
கம்பெனிக்கு நல்லது, சரி. உச்சியில் வாங்கியவனுக்கு? எல்லாக் கம்பெனியும் பிழைப்பதும் இல்லை. வீட்டுப் பொருள் விற்ற பெட் பாத் அண்ட் பியாண்டும் கடைசிவரை புதுப் பங்கு விற்றுத்தான் ஓட்டியது. 2023 ஏப்ரலில் திவால் மனு, செப்டம்பரில் பங்குகள் ரத்து. ஷார்ட் அதிகமாக இருப்பதற்குச் சில நேரம் சரியான காரணமே இருக்கும்.

எடிசன்வாசி, ஒரு வேலை செய்யுங்கள். எஸ்இசி தளத்தில் உங்கள் கம்பெனி பெயரைப் போட்டு, சந்தை விலைக்குப் புதுப் பங்கு விற்க ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எடிசன்வாசி:
பார்த்தேன். இருக்கிறது. நான் முதல் லாட் வாங்கியதற்கு இரண்டு வாரம் முன்னால் போட்டிருக்கிறார்கள். போன காலாண்டிலேயே கொஞ்சம் விற்றும் இருக்கிறார்கள், ஷார்ட்காரன் அமுக்குகிறான் என்று நான் இங்கே கத்திக்கொண்டிருந்த அதே வாரங்களில்.

வைரக்கை:
அதனால் விற்றுவிடுவீர்களா? இதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

எடிசன்வாசி:
"அவர்கள்" யார் என்பதே இப்போது குழப்பமாக இருக்கிறது ப்ரோ. நாளைக்குப் பாதியை விற்கிறேன். மீதிப் பாதி கிடக்கட்டும், வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை.