லா ஹே சாந்துக்கு மேற்குக் கதவு வேண்டாம்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

அருண்: சித்தப்பா, மேசையில் பொம்மை வீரர்களை வைத்து ஆடுகிற வாட்டர்லூ சண்டைக்கு, அந்தப் போர்க்களத்தில் இருந்த லா ஹே சாந்த் பண்ணையைச் செய்ய ஆரம்பித்துவிட்டேன். பொம்மைகள் 28 மி.மீ. சுவர்களை சன்போர்டில் (கெட்டியான நுரை அட்டை) வெட்டியாயிற்று. பின்னால் வரும் மேட்டை இப்போதைய புகைப்படம் பார்த்து தெர்மோகோலில் செதுக்கலாமா?

சித்தப்பா: இரு, அவசரப்படாதே. இப்போது அங்கே தெரிகிற மேடு, சண்டை நடந்த 1815இல் இருந்த மேடு இல்லை. சண்டைக்குப் பிறகு நெதர்லாந்து அரசர் சிங்கச் சிலை வைக்க 40 மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்குன்றை எழுப்பினார். 1826இல் வேலை முடிந்தது. அதற்கு மண் எடுத்ததே அந்தப் போர்க்களத்தில்தான். பண்ணைக்கும் மேட்டுப் பாதைக்கும் நடுவே இருந்த நிலத்தை நன்றாகச் சுரண்டிவிட்டார்கள். பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற தளபதி வெலிங்டன், தன் ஆட்களில் பெரும்பாலானோரை மேட்டின் பின்சரிவில் மறைத்து நிறுத்தியவர். மேடு தட்டையாக இருந்தால் பிரெஞ்சுப் பக்கம் ஆடுகிறவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் அது வாட்டர்லூவே இல்லை.

பிரியா அக்கா: அப்படியானால் பழைய நிலத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

சித்தப்பா: அங்கே நின்றவர்கள் சொன்னதை வைத்துத்தான். வில்லியம் சைபோர்ன் என்ற அதிகாரி 1830இல் அந்தப் பண்ணையிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். அப்போதே குன்று எழுந்துவிட்டது. அளந்ததோடு விடவில்லை. உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, எங்கே நின்றீர்கள், அங்கே என்ன பயிர் இருந்தது என்று கேட்டார். பயிரைக்கூடக் கேட்டிருக்கிறார் பார், அதனால்தான் அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. அவர் செய்த போர்க்கள மாதிரி வடிவம் 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. இன்றும் அங்கே தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சித்தப்பா: நீ மேட்டை இன்னும் ஓர் அடுக்கு உயர்த்து. சாலை அதைக் கடக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கரை வை.

அருண்: சரி சித்தப்பா. பயிருக்கு என்ன செய்வது?

சித்தப்பா: தேங்காய் நார் மிதியடி. வெளிநாட்டில் ஆடுகிறவர்களும் அதைத்தான் வெட்டி வைக்கிறார்கள். அங்கே ரை என்ற தானியப் பயிர் ஆளுயரத்துக்கு நின்றது. படை நடந்த இடத்தில் நாரைக் கத்தரித்து, ஃபெவிகால் தடவி, ஒரே பக்கமாகப் படுக்க வை.

அம்மா: பழைய மிதியடி மொட்டை மாடியில் கிடக்கிறது அருண், எடுத்துக்கொள்.

அருண்: சூப்பர் மா! சித்தப்பா, ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா?

சித்தப்பா: தெர்மோகோலில் நேராக அடித்தால் அரித்துவிடும். கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கில் கொஞ்சம் ஃபெவிகால் விட்டு முதல் கோட் கொடு. நன்றாகக் காய்ந்ததும் சாம்பல் பழுப்பு. கடைசியில் தந்த வெள்ளை. தூரிகையைத் தாளில் தேய்த்துத் தேய்த்து, நிறம் போய்விட்டது போலத் தோன்றும்போது சுவரில் மேலாக இழு. புடைத்த இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டும், கல்லின் இடுக்கு கறுப்பாகவே நிற்கும். சுவரின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை படக்கூடாது. சண்டைக்கு முந்தைய இரவு முழுக்க மழை, எல்லாம் சேறு.

அருண்: மேற்குப் பக்கக் கொட்டகைக் கதவு பச்சையா, பழுப்பா?

சித்தப்பா: அங்கே கதவே வேண்டாம். முந்தைய இரவே உடைத்து விறகாக எரித்துவிட்டார்கள். பொழுது விடிந்ததும் வெலிங்டன் பக்கம் நின்ற மேஜர் பேரிங்கின் ஜெர்மன் வீரர்கள், ஏறக்குறைய 400 பேர், அந்தத் திறந்த வாசலைத்தான் காக்க வேண்டியிருந்தது. மாலையில் தோட்டா தீர்ந்து பண்ணை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. கடைசியில் தன்னோடு 42 பேர்தான் மிஞ்சினார்கள் என்று பேரிங்கே எழுதியிருக்கிறார்.

பிரியா அக்கா: ஐயோ. படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

சித்தப்பா: ஆமாம்மா. அதனால்தான் அந்த வாசலைச் சரியாகச் செய்யச் சொல்கிறேன். இன்னொன்று அருண், முற்றத்தில் குளத்தை விட்டுவிடாதே. கொட்டகை தீப்பிடித்தபோது சமையல் கெண்டிகளில் அங்கிருந்துதான் தண்ணீர் மொண்டு அணைத்தார்கள்.

அருண்: குளத்துக்கு வார்னிஷ் போதுமா?

சித்தப்பா: போதும். மூன்று கோட், மெல்லியதாக. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது.