கொத்தனாருக்கு 45 சதவீதம் ஊனம், நஷ்டஈடு எப்படிக் கணக்குப் போடுவார்கள்?

ராசிபுரத்தான்:
எங்கள் அக்கா வீட்டுக்காரர் கொத்தனார், வயது 34. மூன்று மாதத்துக்கு முன்னால் வேலை முடிந்து பைக்கில் வரும்போது பின்னாலிருந்து வேன் இடித்து வலது கால் முறிந்துவிட்டது. பிளேட் வைத்தும் முட்டி மடங்கவில்லை. மெடிக்கல் போர்டில் 45 சதவீதம் ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறார்கள். எஃப்ஐஆர் வேன் டிரைவர் மேல்தான். இப்போது இன்சூரன்ஸ் தரப்பில் 6 லட்சம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வாங்கலாமா? இந்தத் தொகையெல்லாம் எதை வைத்து முடிவாகிறது?

எம்சிஓபி வக்கீல்:
அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்தில், ஒத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் அப்பீல் கிடையாது.

கணக்கு இப்படித்தான். மாத வருமானம் 15,000 என்று மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குள் இருக்கிற, சொந்தமாகச் சம்பாதிக்கிற ஆளுக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும், இது 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 21,000. வருடத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரைக்கும் பெருக்கு எண் 16, இது 2009 சரளா வர்மா தீர்ப்பில் இருக்கிறது. பெருக்கினால் 40,32,000. அதில் 45 சதவீதம் எடுத்தாலே 18,14,400 வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி எல்லாம் இதற்கு மேல். இறந்துபோன கேஸில் கழிப்பது போல சொந்தச் செலவுக்கென்று இதில் கழிக்க மாட்டார்கள்.

ஆனால் முக்கியமான விஷயம் இனிமேல்தான். சான்றில் இருக்கும் சதவீதம் காலுக்கு. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது அவருடைய பிழைப்பில் எவ்வளவு போனது என்பதை. 2010 ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாரத்தில் ஏற முடியாத, குத்த வைத்து உட்கார முடியாத கொத்தனாருக்கு 45 சதவீத இழப்பு என்பது குறைவு. 60 என்று ஏற்றுக்கொண்டால் அதே கணக்கு 24,19,200 ஆகிறது.

தையல்காரன்:
வக்கீல் சார் சொல்வதை விட்டுவிடாதீர்கள். என் வலது கை விரல் கேஸில் சான்றை மட்டும்தான் தாக்கல் செய்தோம். மெஷினில் துணியைப் பிடிக்கவே முடியவில்லை என்பதை டாக்டரை வைத்தும் சொல்லவில்லை, கடைக்காரரை வைத்தும் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்த 20 சதவீதத்துக்குத்தான் பணம் வந்தது, தொழில் முழுசாகப் போய்விட்டது. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

பழனியம்மாள்:
வேன் தரப்பு, இவர் சிக்னல் போடாமல் திரும்பினார் என்று கட்டாயம் வாதாடுவார்கள். அவர் மேல் 20 சதவீதத் தவறு என்று முடிவானால் மொத்தத் தொகையில் அந்த 20 போய்விடும். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் வாங்குங்கள். அப்புறம், மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது.

ராசிபுரத்தான்:
ரொம்ப நன்றி. கூலிக்கு ரசீது எதுவும் இல்லையே, அதற்கு என்ன செய்வது?

எம்சிஓபி வக்கீல்:
அவரை வேலைக்குக் கூப்பிட்ட இன்ஜினியரோ மேஸ்திரியோ சாட்சி சொல்லட்டும். பேங்க் பாஸ்புக், நலவாரிய அட்டை இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் ஒரு உத்தேச வருமானம் வைத்துக்கொள்ளும், ஆனால் அது அவர் நிஜமாகச் சம்பாதித்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.