ஹுசெர்ல் உலகத்தை மறுக்கிறாரா?

முதுநகர்வாசி, கடலூர்:
ஜெர்மன் மெய்யியலாளர் எட்மண்ட் ஹுசெர்ல் 1913இல் வெளியிட்ட நூலில், உலகம் உண்டு என்னும் நம் இயல்பான நம்பிக்கையை அடைப்புக்குறிக்குள் வைக்கச் சொல்லும் இடத்தில் இரண்டு வாரமாக நிற்கிறேன். பொருள்கள் நம் உணர்வுக்கு எவ்வாறு தோன்றுகின்றன என்று விவரிக்கும் அவருடைய மெய்யியல் மரபைத் (phenomenology) தமிழில் சிலர் ‘தோற்றவியல்’ என்கிறார்கள். அப்படியானால் காண்பது வெறும் தோற்றம், மெய் வேறெங்கோ உள்ளது என்னும் மாயாவாதத்தைத்தான் இவரும் சொல்கிறாரா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
இல்லை. அவர் கேட்பது மறுப்பு அன்று, தீர்ப்பை நிறுத்திவைப்பது. தேவனாம்பட்டினக் கரையில் ஏற்றி வைத்த படகு ஒன்றைப் பாருங்கள். உங்கள் கண்ணில் படுவது ஒரு பக்கம்தான். ஆயினும் பாதிப் படகைப் பார்ப்பதாக நீங்கள் உணர்வதில்லை, முழுப் படகையே பார்க்கிறீர்கள். சுற்றிப் போனால் மறுபக்கம் தெரியும் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பார்வைக்குள்ளேயே இருக்கிறது. நடக்க நடக்க அது நிறைவேறுகிறது, அல்லது அங்கே பலகை பெயர்ந்திருப்பதைக் கண்டு பொய்க்கிறது. படகு உண்மையில் உண்டா என்ற வழக்கை ஒதுக்கிவைத்தால்தான், அது நமக்கு எவ்வாறு படகாகிறது என்பதை இப்படி விவரிக்க முடிகிறது. உணர்வு எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றியது என்று தம் ஆசிரியர் பிரென்டானோ 1874இல் எழுதியதை ஹுசெர்ல் இவ்வளவு தூரம் கொண்டுசென்றார்.

‘தோற்றம்’ என்ற சொல்லையும் கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ‘தோன்றின் புகழொடு தோன்றுக’ என்னும்போது தோன்றுதல் பொய்த்தோற்றம் அன்று, வெளிப்படுதல். ஹுசெர்லின் வழிவந்த ஹைடெக்கரும் 1927இல் ‘phenomenon’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லை ஆராய்ந்து, தன்னைத் தானே காட்டுவது என்றே பொருள் கொண்டார்.

வைத்திக்குப்பம்:
மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். முழுமையாக ஒதுக்கிவைக்க முடியாது என்பதே அந்த ஒதுக்கிவைப்பு தரும் பெரிய பாடம் என்று பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போன்டி 1945இல் எழுதினார். பார்வையற்றவரின் கைத்தடி அவருக்கு ஒரு பொருளாக இல்லாமல் தொடுபுலனின் நீட்சியாகவே ஆகிவிடுவதை அவர் காட்டுகிறார். என் சித்தப்பா வலைக் கயிற்றைப் பிடித்த மாத்திரத்தில், மீன் கனமா, கல்லில் மாட்டிய கனமா என்று சொல்லிவிடுவார். அவர் உணர்வது கையிலிருக்கும் கயிற்றை அன்று, ஆழத்தில் கிடக்கும் வலையை. கடலை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த அறிவை எப்படி விவரிப்பது?

முதுநகர்வாசி:
இருவருக்கும் நன்றி. படகின் மறுபக்கத்தை நடந்துபோய்ப் பார்த்துவிடலாம். அடுத்தவர் மனத்தின் மறுபக்கத்தை?

முத்தியால்பேட்டை:
அதற்கு ஹுசெர்லின் ‘கார்ட்டீசியத் தியானங்கள்’ நூலில், பிறரை நாம் அறிவது எப்படி என்று ஆராயும் ஐந்தாம் தியானத்தைப் படியுங்கள். 1929இல் பாரிசில் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்த அந்நூல் 1931இல் முதலில் பிரெஞ்சில்தான் வந்தது. மொழிபெயர்த்தவர்களுள் ஒருவர் மெய்யியலாளர் லெவினாஸ். பிரெஞ்சு தெரிந்தால் அதிலேயே தொடங்கலாம்.