பெற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது, பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குழந்தையே பிடிக்கவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நான் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மதியம் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் எல்லோருமே முப்பதை ஒட்டியவர்கள். ஒருத்தி மட்டும் குழந்தை வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்தவள். அவள் வாழ்க்கை, அவள் விருப்பம். மற்ற எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. "யாரு பார்த்துக்குவாங்க?" என்று ஒருவர் கேட்டதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எங்களில் ஒரு தோழி 26 வார விடுப்பு முடிந்து திரும்பினாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்கிறது சட்டம். எங்கள் அலுவலகம் ஏற்பாடு செய்த காப்பகமோ வேறு ஏரியாவில் இருக்கிறது. இந்தச் சாலை நெரிசலில் அவளால் ஒரு முறைகூடப் போக முடிவதில்லை. கைபேசியில் காப்பகத்துக் கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். குழந்தை அழுதால் ஸ்பூன் அப்படியே நின்றுவிடும், டப்பாவில் தயிர்சாதம் காய்ந்துபோகும். அவள் அம்மா திருநெல்வேலியில் படுக்கையில் இருக்கும் தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறார். கணவருக்கு விடுப்பு கொடுக்கச் சொல்லித் தனியார் துறைக்குச் சட்டமே இல்லை.

என் பெரியம்மா, "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அவரே 'நாம் இருவர், நமக்கு இருவர்' காலத்தில் இரண்டோடு நிறுத்தி ஆபரேஷன் செய்துகொண்டவர். அந்தத் தலைமுறை சொன்னபடி கேட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும்.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. மக்கள்தொகையை வைத்து எம்.பி. இடங்களைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறையைச் சொல்லி, சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2025 மார்ச்சில் ஒரு கல்யாண மேடையிலேயே முதல்வர் ஸ்டாலின் கேட்டுக்கொண்டார். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காகத் தமிழ்நாடு எம்.பி. இடங்களை இழப்பது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் தம்பி கேட்டான்: "அக்கா, தொகுதிக்காகவா பிள்ளை பெத்துக்கறது?" அவனுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அரசு ஊழியரான பெண்களுக்கு இங்கே ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. அதையே எல்லோருக்கும் கொடுத்து, வீட்டுப் பக்கத்தில் நம்பி விடக்கூடிய காப்பகமும் வந்தால், என் மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் பாதிப் பேர் நாளைக்கே சரி என்பார்கள்.

நானும் கணவரும் குரோம்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு தேடுகிறோம். அது அமைந்த அப்புறம்தான் மற்ற பேச்சு.