விபத்தை நேரில் பார்த்தது கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர்தான். அவர் சாட்சி எடுபடுமா?

கோத்தகிரி பையன்: மேட்டுப்பாளையம் ரோட்டில் அப்பா ஸ்கூட்டரில் மேலே ஏறி வரும்போது, இறங்கி வந்த சுற்றுலா வேன் வளைவில் மோதி வலது கால் முறிந்துவிட்டது, பிளேட் வைத்திருக்கிறார்கள். ஊட்டி கோர்ட்டில் இழப்பீட்டு மனு போட்டாச்சு. அப்பாதான் ராங் சைடில் வந்தார் என்கிறார் வேன்காரர். கேமரா கிடையாது. மேலே தோட்டத்தில் இருந்த ஒரு அக்கா மட்டும் பார்த்திருக்கிறார், இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து அப்பா தலைக்கு அடியில் வைத்ததும் அவர்தான். போலீஸ் சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது, கோர்ட் என்றாலே பயம். சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ண வைக்கலாமா?

பழைய குமாஸ்தா, குன்னூர்: அதை மட்டும் செய்துவிடாதீர்கள் தம்பி. "வேன் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது" என்று சொல்ல வைத்தால், "உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?" என்று குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்கள். எங்கே நின்றார், பனிமூட்டம் இருந்ததா, ஹாரன் கேட்டதா, மோதிய பிறகு வேன் எந்தப் பக்கம் நின்றது, இவ்வளவு போதும். குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பதை வக்கீல் பேசிக்கொள்வார், அது சாட்சியின் வேலை இல்லை.

பட்டியலில் பெயர் இல்லாததற்குப் பயப்பட வேண்டாம். 2019-ல் ராஜஸ்தான் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான சுனிதா வழக்கில், அப்படிப்பட்ட ஒரு சாட்சியை அந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகமே இல்லாமல் நிரூபிக்கவும் வேண்டாம், எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்ப்பார்கள்.

மலர், அருவங்காடு: பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் யோசியுங்கள். ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் சொல்வார். ஆனால் தினமும் இலை மூட்டையைத் தோளில் தூக்கியவர் இப்போது வாசல் படி இறங்கவே கைத்தாங்கல் கேட்கிறார் என்பதை, கூடவே இருந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். எங்கள் மாமா கேஸில் டீக்கடைக்காரர் வந்து சொன்னார், ரொம்ப உதவியாக இருந்தது. சொந்தக்காரர் சொன்னாலும் தள்ளிவிட மாட்டார்கள், இருந்தாலும் வெளியாள் என்றால் கொஞ்சம் கனம் கூடும்.

கோத்தகிரி பையன்: நன்றி அண்ணா, அக்கா. நேற்று அந்த அக்கா நின்ற இடத்துக்கே போய்ப் பார்த்தேன். ஒரு சில்வர் ஓக் மரம் வளைவின் மேல்பாதியை மறைக்கிறது. கேட்டதற்கு, சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன், வேன் ரோட்டில் அப்பா வந்த பக்கமாக ஏறி நின்றது, ஹாரன் கேட்கவில்லை என்கிறார். மோதியதைப் பார்க்கவில்லையாம். கேஸ் போச்சா?

பழைய குமாஸ்தா, குன்னூர்: போகவில்லை. வேன் எந்தப் பக்கம் நின்றது என்பதுதானே உங்கள் தகராறே. அதை அப்படியே சொல்லட்டும், மரத்தைப் பற்றியும் அவரே முதலில் சொல்லிவிடட்டும். எதிர்த்தரப்பு வக்கீல் போட்டோவோடு வந்து கேட்டால் அசிங்கம். வாக்குமூலத்தை எழுத்தில்தான் தாக்கல் செய்வார்கள், கைநாட்டு வைக்கும் முன் தமிழில் முழுசாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கோர்ட் மூலம் சம்மன் அனுப்பினால் தோட்டத்தில் லீவு கேட்கவும் சுலபம். அன்றைக்கு அவர் கூலி போகும், சாட்சிப் படி கேட்டு வாங்க மறக்காதீர்கள்.